ஒரு வாய் மாத்தே, ஆறு ஆட்டத் தடை

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்தரைக்கு லீக்கின் தீர்ப்புத் தாள் வந்துசேர்ந்தபோது, எஸ்தாசியோன் கிளப்பின் சிற்றுண்டிக் கூடத்தில் பதினேழு பேர் இருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை அரையிறுதியில் தங்கள் அணி இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்ததையே அவர்கள் மறந்துபோயிருந்தார்கள். ஜெயித்த ஆட்டத்தில் நடுவர்கள் செய்த அநியாயத்தைப் பற்றித்தான் இரண்டு நாளாகப் பேச்சு.

இறைச்சிக் கடை லீபெர் மேஜைமேல் பாட்டில் மூடிகளைப் பரப்பி வைத்திருந்தான்.

“இதோ பாரு, இது நம்ம மைக்கோல். இது அவனுங்க கடைசி ஆளு. பந்து கால விட்டுக் கெளம்புறப்ப மைக்கோல் ஒரு சாண் பின்னாடி நிக்கிறான். ஒரு சாண்! இது ஆஃப்சைடாம்!”

“நேத்து அரைச் சாண்னு சொன்ன,” என்றாள் நிபியா.

“நேத்து வச்சது சின்ன மூடி.”

கூடம் சிரித்தது. நிபியாவும் சிரித்தாள். சுரைக்குடுவையில் வெந்நீர் ஊற்றி அடுத்தவரிடம் நீட்டினாள். பச்சை இலைத்தூளில் வெந்நீர் விட்டு எல்லாரும் ஒரே குழலில் உறிஞ்சும் மாத்தேயை அந்தக் கூட்டத்துக்குப் பதினொரு வருடமாக ஊற்றுபவள் அவள்தான். ஒருவர் ஊற்றத் தொடங்கினால் அவரே கடைசிவரை ஊற்ற வேண்டும். கை மாறினால் ருசி கெடும் என்பது பாஸோ சவூசே ஊரில் எல்லாரும் ஒத்துக்கொண்ட ஒரே சட்டம்.

“ஆஃப்சைடு கெடக்கட்டும்,” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். “மொத பாதியில அவனுங்க ஆளு கையால தட்டினானே, அது பெனால்டி இல்லியா? நடுவர் மூணு மீட்டர்ல நிக்கிறான்!”

“நடுவரு கண்ணு தெரியாதவன். கோட்டுல கொடி புடிச்சிக்கிட்டு ஓடினா பாரு, அந்த ரோஸ்மாரி, அவ வெவரமானவ. வேணும்னேதான் செஞ்சா.”

“வெவரமாவது! கொடியத் துணி காயப்போடுற மாதிரி புடிக்கிறா.”

மறுபடியும் சிரிப்பு. அப்போதுதான் கிளப்பின் செயலாளர் தொன் குவால்பெர்த்தோ மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கையிலிருந்த தாளை ஒருமுறை மனதுக்குள் படித்தார். முகம் கறுத்தது.

“வாத்தியாருக்கு ஆறு ஆட்டம்,” என்றார்.

ஊரில் பயிற்சியாளர் அதேமார் தெச்சேராவை எல்லாரும் வாத்தியார் என்றுதான் அழைப்பார்கள். அரசு உயர்நிலைப் பள்ளியில் அவர்தான் உடற்பயிற்சி ஆசிரியர். ஆறு ஆட்டங்களுக்கு அவர் கோட்டோரம் நிற்கக் கூடாது, ஆட்டக்காரர்களின் அறைக்குள் நுழையக் கூடாது. வரும் ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டம், அதுவும் சொந்த மைதானத்தில்.

கூச்சல் அடங்கச் சில நிமிடங்கள் பிடித்தன. குவால்பெர்த்தோ காரணத்தை உரக்க வாசித்தார்.

“‘எழுபத்தெட்டாவது நிமிடத்தில் கோல் ரத்து செய்யப்பட்டதும், பயிற்சியாளர் தனக்குரிய இடத்தை விட்டு ஓடிவந்து, கோட்டு நடுவர் ரோஸ்மாரி பிந்தோஸின் முகத்துக்கு நேரே நின்று கத்தி, அவருடைய கழுத்திலும் தோளிலும் துப்பினார். சட்டையில் பச்சை நிறக் கறை காணப்பட்டது.’”

“பச்சையா?” லீபெர் எழுந்தே நின்றுவிட்டான். “வாத்தியார் என்ன, புல்லு மேயுறாரா?”

“அவர்தான் வயித்து ஆபரேஷனுக்கு அப்புறம் மாத்தேயத் தொடுறதே இல்லியே! மூணு வருஷமா பால்தான். துப்பினா வெள்ளையால்ல இருக்கணும்!”

“பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லத் தெரியல அவளுக்கு!”

மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். நிபியா மட்டும் சிரிக்கவில்லை. 

அவள் கால்நடை மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள். எதையும் வரிசைப்படுத்திப் பார்க்காமல் அவளுக்கு மனம் அடங்காது. வரிசைப்படுத்திய பிறகும் எங்கோ தப்பு விட்டிருப்போம் என்று தோன்றிக்கொண்டே இருக்கும். இப்போதும் அப்படித்தான் யோசித்தாள். அணியின் பெஞ்சுக்குப் பின்னால் மூன்றாவது கம்பம்: அவர்கள் நிற்கும் இடம். அந்தக் கம்பி வேலிக்கும் எல்லைக்கோட்டுக்கும் நடுவே இரண்டு மீட்டர்கூட இல்லை. எழுபத்தாறாவது நிமிடத்தில் இலைத்தூள் சத்தற்றுப் போனது. குடுவையைக் கவிழ்த்துவிட்டுப் புதுத் தூள் போட்டாள். முதல் தண்ணீர் ஊற்றினாள். முதல் இழுப்பு ஆறிப்போய்க் கசப்பாக, தூசும் துகளுமாக வரும். அதை யாருக்கும் கொடுக்க மாட்டார்கள். ஊற்றுபவரே உறிஞ்சித் துப்பிவிட வேண்டும். அவள் உறிஞ்சினாள். அந்த நேரம் பார்த்து மைக்கோல் பந்தோடு ஓடினான், வலை ஆடியது, கொடி உயர்ந்தது. எல்லாரும் வேலிமேல் பாய்ந்தார்கள். அவள் வாய் நிறையப் பச்சைக் கசப்போடு நின்றாள். தலையைத் திருப்பி, வேலி ஓட்டை வழியாக எப்போதும்போலத் துப்பினாள். கண் கொடியின் மேல் இருந்தது. எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை.

பதினொரு வருடத்தில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

வேறு யாராவது துப்பியிருக்கலாமே? அந்த வேலியில் துப்பாதவர்கள் யார்? லீபெர் ஒரு பாதிக்குப் பத்துத் தடவை துப்புவான். ஆனால் அதெல்லாம் வெறும் எச்சில். பச்சையாக, கெட்டியாக, சட்டையில் கறை விழும்படி வருவது புதுத் தூளின் முதல் இழுப்பு மட்டும்தான். அந்த நிமிடத்தில் அந்தக் கம்பத்தருகே குடுவை மாற்றியவள் அவள் ஒருத்திதான்.

இதற்குள் குவால்பெர்த்தோ ஒரு தாளில் எழுதத் தொடங்கியிருந்தார். மேல்முறையீட்டுக்கு மறுநாள் ஏழு மணிவரை நேரம் இருந்தது. “‘கீழே கையெழுத்திட்டிருக்கும் நாங்கள் சம்பவத்தை மிக அருகிலிருந்து கண்டோம். பயிற்சியாளர் துப்பவில்லை.’ வாங்க, ஒவ்வொருத்தரா போடுங்க.”

வரிசை நின்றது. சம்பவம் நடந்தபோது மைதானத்தின் மறுகோடியில் பொரித்த தோர்த்தா ரொட்டிக்கு நின்றிருந்தவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஆட்டத்துக்கே வராத ஒருவர் போட்டார்.

“நீங்க வரலியே,” என்றாள் நிபியா.

“ரேடியோல கேட்டேன்ல! ரொம்பத் தெளிவாக் கேட்டுச்சு.”

லீபெர் பேனாவை அவளிடம் நீட்டினான். “போடு ஒல்லி. ஒன் கையெழுத்துதான் பாக்க ஒழுங்கா இருக்கும். பாவம்யா வாத்தியார். அவருக்கு ஸ்கூல்லயும் விசாரணையாம், தெரியுமா? பொம்பள மேல துப்பினவன் எப்படிப் பொம்பளப் புள்ளைங்களுக்குப் பாடம் எடுப்பான்னு வெள்ளிக்கிழமை கூப்பிட்டிருக்காங்க. வேலையே போனாலும் போகும்.”

நிபியா பேனாவை வாங்கவில்லை.

“துப்பினது நான்,” என்றாள்.

முதலில் சிரித்தார்கள். அவள் நிமிடக் கணக்கோடு, கம்பக் கணக்கோடு சொல்லி முடித்தபோது சிரிப்பு நின்றிருந்தது. குடுவை அப்போது யார் கையிலோ இருந்தது. அவர் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்துப் பார்த்தார். பிறகு மீண்டும் வாயில் வைத்துக்கொண்டார்.

“அப்ப நல்லதாப் போச்சு!” என்றாள் நிபியா. “இந்தப் பொய்த் தாளு எதுக்கு? நான் போய்ச் சொல்றேன். வேணும்னு செய்யல, பாக்காம செஞ்சேன்னு சொல்றேன். வாத்தியார விட்ருவாங்க.”

குவால்பெர்த்தோ மேஜை இழுப்பறையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்தார். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார். அந்த விரலைப் பார்க்க நிபியாவுக்குக் குமட்டியது.

“நாப்பத்தொண்ணாவது விதி. பார்வையாளர் பக்கத்துலேர்ந்து நடுவர் மேல எதையாச்சும் வீசினாலோ துப்பினாலோ, அடுத்த ஆட்டம் பூட்டின மைதானத்துல. சனம் உள்ள வர முடியாது.” கண்ணாடியைக் கழற்றினார். “அடுத்த ஆட்டம்னா ஃபைனல்.”

 பிறகு லீபெர் தொண்டையைச் செருமினான்.

“சரி, யோசிச்சுப் பாரு. வாத்தியாரு பெஞ்சுல உக்காராட்டி என்ன? எங்கயாச்சும் மொட்டை மாடியில நின்னுக்கிட்டு போன்ல சொல்லுவாரு. ஆட்டம் பாட்டுக்கு நடக்கும்.”

“தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு விட்ரணும்மா,” என்றார் குவால்பெர்த்தோ.

“யாரு தலைப்பாகை, தொன் குவால்பெர்த்தோ? வெள்ளிக்கிழமை அவருக்கு விசாரணை.”

“வாத்தியாருக்கு யூனியன் இருக்கு, பாத்துக்குவாங்க. இருபத்தியாறு வருஷம் கழிச்சு இந்த ஊருல ஃபைனல் நடக்குது. ஒன் ஒருத்தி வாய்க்காக ஊரே வெளிய நிக்கணுமா?”

“அஞ்சு நிமிஷம் முன்னாடி அநியாயம் அநியாயம்னு கத்தினீங்களே!”

“அது அவ செஞ்ச அநியாயம்,” என்றான் லீபெர். அவன் கேலிக்குச் சொல்லவில்லை.

குவால்பெர்த்தோ கையெழுத்துத் தாளை நான்காக மடித்து விதிப் புத்தகத்துக்குள் வைத்து இழுப்பறையை மூடினார். அவ்வளவுதான். யாரோ மறுபடி மூடிகளை அடுக்கத் தொடங்கினார்கள். யாரோ, “ஊத்தும்மா,” என்று குடுவையை நீட்டினார்கள். குழலின் நுனி பதினேழு வாய் பட்டுப் பளபளத்தது. நிபியா ஃபிளாஸ்கை மேஜைமேலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள்.

அன்று வீட்டுக்குப் போய்ப் படுத்தவளுக்குத் தான் செய்யப்போவது சரிதானா என்பதில் சந்தேகம் தீரவில்லை. ஊரையே வெளியே நிறுத்த நான் யார்? லீக் அலுவலகத்தில் நம்பாவிட்டால்? இரண்டு பக்கமும் கெட்டுப்போனால்? ஆனால் ஒன்றில் சந்தேகமில்லை: அந்தப் பச்சை அவள் வாயிலிருந்து வந்தது.

புதன்கிழமை மதியம் கடையில் ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்குப் போனாள். ரோஸ்மாரி பிந்தோஸ் அங்கே மூன்றாம் ஜன்னலில் பயணச்சீட்டு கொடுப்பவள். ஊரில் யாருக்கும் அது தெரியாததல்ல. திங்கட்கிழமைகளில் சிலர் சீட்டு வாங்கும் சாக்கில் வந்து திட்டிவிட்டுப் போவதும் வழக்கம்.

“எந்த ஊருக்கு?” என்றாள் ரோஸ்மாரி நிமிராமல்.

“எங்கயும் இல்லீங்க. ஞாயித்துக்கிழமை ஒங்க மேல துப்பினது நான்தான்.”

ரோஸ்மாரி நிமிர்ந்தாள். நாற்பது வயதிருக்கும், கண்ணுக்குக் கீழே கருவளையம். பக்கத்து ஜன்னல்காரியிடம் ஏதோ சொல்லிவிட்டு வெளியே வந்தாள். இரண்டு பேரும் சாமான் அறைக்குப் பக்கத்தில் நின்றார்கள். நிபியா மறுபடியும் எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். ரோஸ்மாரி குறுக்கே பேசாமல் கேட்டாள்.

“எனக்கு அப்பவே ஒரு மாதிரிதான் இருந்துச்சு,” என்றாள் கடைசியில். “இலை வாசன அடிச்சுது. ஆனா அந்தாளு மூஞ்சிக்கு மூஞ்சி நின்னு வாயத் தொறந்துக்கிட்டு இருந்தான். கழுத்துல வந்து விழுந்ததும் வேற யாருன்னு நெனைக்கச் சொல்றீங்க?”

“தப்பு என் மேலதான்.”

“ஒங்க மேல மட்டுமா?” அவள் சிரித்தாள். அது நல்ல சிரிப்பல்ல. “நான் ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் ரெண்டு சட்டை எடுத்துட்டுப் போறேன். மொத பாதிக்கு ஒண்ணு, ரெண்டாம் பாதிக்கு ஒண்ணு. முதுகு முழுக்க எச்சி. தலைமுடியில, காதுக்குப் பின்னாடி. வீட்டுக்குப் போனதும் ரெண்டு சட்டையையும் கொல்லையில வாளியிலதான் போடுவேன், மெஷின்ல போட மனசு வராது. ஒங்களுதுல இலை வாசமாவது இருந்துச்சு. மத்ததுல என்ன வாசம்னு சொல்லட்டுமா?”

வேண்டாம் என்று நிபியா தலையாட்டினாள். தான் வாராவாரம் நிற்கும் அதே கம்பி வேலி. கொடி துணி காயப்போடுவது போல இருக்கிறது என்றதும் தானும் சிரித்தது நினைவுக்கு வந்தது.

“நீங்க அறிக்கைய மாத்தி எழுதுவீங்களா?” என்று கேட்டாள். “அவருக்கு ஸ்கூல்ல வேலை போற மாதிரி இருக்கு.”

“துப்பலன்னா துப்பலன்னுதான் எழுதணும். பொய் எழுதி எனக்கு என்ன ஆகப்போவுது? எழுதுறேன்.” என்றாள் ரோஸ்மாரி. “ஆனா எழுதினா முழுசா எழுதுவேன். அவன் சொன்னதையும்.”

“என்ன சொன்னார்?”

ரோஸ்மாரி சொன்னாள். முதலில் சொன்னது, வீட்டுக்குப் போய்ச் சட்டி கழுவு என்பது. அடுத்தது அச்சில் ஏறாத ஒரு சொல்.

“வாத்தியாரா?” என்றாள் நிபியா. “இரைச்சல்ல தப்பாக் கேட்டிருக்குமோ?”

“ஒரு அடி தூரத்துலயா? என் பொண்ணுக்கு ஒம்பது வயசு. இந்த வார்த்தைய ஒரு நாள் சுவத்துல படிச்சிட்டு வந்து எங்கிட்ட அர்த்தம் கேட்டா. எனக்கு நல்லாத் தெரியும் அது எந்த வார்த்தைன்னு.” அவள் தோளைக் குலுக்கினாள். “இதெல்லாம் அறிக்கையில எழுதறதில்ல. எழுத ஆரம்பிச்சா வாராவாரம் ஒரு நோட்டு தீரும். துப்பினாத்தான் எழுதுவோம். இப்ப துப்பல் இல்லன்னு ஆயிடுச்சு, அப்ப மிச்சம் இருக்கறத எழுதித்தானே ஆகணும்?”

நிபியா தெச்சேராவைப் பதினொரு வருடமாகப் பார்க்கிறாள். தோற்ற நாளில் ஆட்டக்காரர்களின் தலையைத் தடவிக் கூட்டிப்போகும் மனிதர். அப்படிச் சொல்லியிருக்க மாட்டார் என்று ஒரு பக்கம் மனம் சொன்னது. இவள் எதற்குப் பொய் சொல்லப்போகிறாள் என்று மறுபக்கம் கேட்டது. அவளால் எதையும் தீர்மானிக்க முடியவில்லை. அவள் செய்ய வந்தது ஒன்றுதான். அதைச் செய்துவிடுவது என்று வைத்துக்கொண்டாள்.

மாலை ஆறு மணிக்கு இருவரும் லீக் அலுவலகத்தில் இருந்தார்கள். அங்கிருந்த எழுத்தர் நிபியாவின் வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார்.

“இதுல கையெழுத்துப் போட்டா ஒங்க கிளப்புக்கு என்ன ஆகும்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“நாப்பது வருஷமா இந்த நாற்காலியில இருக்கேன். வேலியில நின்னவங்க யாரும் நான்தான் துப்பினேன்னு வந்து நின்னதில்ல. எந்தக் கட்டத்துல எழுதறதுன்னே தெரியலையே.” கடைசியில் ‘இதர’ என்ற கட்டத்தில் எழுதிக்கொண்டார்.

வியாழக்கிழமை புதுத் தீர்ப்பு வந்தது. துப்பிய குற்றம் நீங்கியது. ஆறு ஆட்டத் தடை போய், தகாத சொல்லுக்காக இரண்டு ஆட்டம் மட்டும் நின்றது. இறுதி ஆட்டம் பூட்டிய மைதானத்தில். வெள்ளிக்கிழமை பள்ளியில் ஒரு கண்டனக் கடிதத்தோடு விட்டுவிட்டார்கள். தெச்சேராவின் வேலை தப்பியது. நிபியாவின் கடைக் கதவில் யாரோ எதையோ துப்பிவிட்டுப் போயிருந்தார்கள். அவள் காலையில் வாளியும் விளக்குமாறும் எடுத்து வந்து கழுவினாள். கழுவும்போது இரண்டு தடவை ஓங்கரித்தது. அது வெறும் எச்சில்தான், நிறமில்லாதது.

ஞாயிற்றுக்கிழமை மூன்றரை மணிக்கு ஆட்டம். போவதா வேண்டாமா என்று கடைசிவரை அவளுக்கு முடிவாகவில்லை. கால்கள் தாமாக மைதானத்துப் பக்கம் நடந்தன. மதிலுக்கு வெளியே, அதை ஒட்டிச் சாலையோரம் லீபெரின் இறைச்சி லாரி நின்றது. அதன்மேல் இருபது பேர். மதில் உயரமானது, லாரிமேல் ஏறினாலும் மைதானத்தின் எதிர்ப்பக்கப் பாதிதான் தெரியும். இந்தப் பக்கத்து எல்லைக்கோடு மதிலுக்குப் பின்னால் மறைந்திருந்தது; அதில் இன்றும் கொடியோடு ஓடுபவள் ரோஸ்மாரிதான். லாரியின் நுனியில், ஒரு காதில் போனோடு, அதேமார் தெச்சேரா நின்றுகொண்டிருந்தார்.

“ஏய், வந்துட்டா பாரு நம்ம பத்தினி!” என்றான் லீபெர். அவன் கோபத்தில் பாதி ஏற்கெனவே ஆறியிருந்தது, ஆட்டம் தொடங்கிவிட்டதல்லவா. “சரி சரி, ஏறு ஒல்லி. மழை வர மாதிரி இருக்கு. ஏறுறதுன்னா ஏறு.”

நிபியா சக்கரத்தின்மேல் ஒரு காலை வைத்தாள். தெச்சேரா குனிந்து பார்த்தார். அவர் நன்றி சொல்வார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. அப்படித்தான் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தாள்.

“துப்பினது நீன்னு சொன்னதோட நிறுத்தியிருக்கலாம்,” என்றார். “அவகிட்ட எதுக்கும்மா போன? நேரா லீக்குக்குப் போயிருந்தா அவ மத்தத எழுதியிருக்கவே மாட்டா. ரெண்டு ஆட்டம் இதுக்குத்தான். என் பேரு பேப்பர்ல வந்தாச்சு.”

“வேலை போகலியே, வாத்தியாரே.”

“போயிருக்கவே போயிருக்காது. ஒன்னால மைதானமும் பூட்டியாச்சு.”

“அந்த வார்த்தைய நீங்க சொல்லலதானே?” நிபியா கேட்டுவிட்டாள். நாலு நாளாக அவளுக்குள் உறுத்திக்கொண்டிருந்தது அதுதான். “அவங்க தப்பாக் கேட்டிருப்பாங்கன்னு நெனச்சேன்.”

தெச்சேரா போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மைதானத்தின் பக்கம் திரும்பினார். உள்ளே திடீரென ஆட்டக்காரர்களின் ஆரவாரம். பந்து அந்தப் பாதியில் வலைக்குள் போனது லாரியிலிருந்து நன்றாகவே தெரிந்தது. இருபது பேரும் குதித்தார்கள், லாரி ஆடியது. அடுத்த நொடி விசில். நடுவர் கையைத் தூக்கி இந்தப் பக்கம் காட்டினார், மதிலுக்குக் கீழே யாருக்கும் தெரியாத இடத்தை. கொடி தூக்கியிருக்கிறாள்.

“ஆஃப்சைடா?” லீபெர் மதிலைப் பார்த்துக் கத்தினான். “எவ்வளவு பின்னாடி நின்னான் தெரியுமா? ரெண்டு மீட்டரு! என் கண்ணால பாத்தேன்!”

“நானும் பாத்தேன்!”

“மூணு மீட்டரு இருக்கும்யா!”

பந்தை உதைத்தவன் நின்ற இடமே அங்கிருந்து தெரியாது. நிபியா அதைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் தெச்சேரா போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, மதில்மேல் இரண்டு கையையும் ஊன்றி எக்கினார். கழுத்து நரம்பு புடைத்தது. மறைந்திருக்கும் கோட்டை நோக்கி, நிதானமாக, எழுத்து எழுத்தாகக் கேட்கும்படி, அந்தச் சொல்லைச் சொன்னார்.

லாரி முழுவதும் சிரித்தது. இருபது பேரும் அதையே பாட்டாக்கித் திருப்பிச் சொன்னார்கள்.

நிபியா சக்கரத்திலிருந்து காலை எடுத்தாள். இவருக்காகவா போனோம் என்று மனம் கேட்டது. இல்லை என்று சொல்ல அவளுக்கு அதிக நேரம் ஆகவில்லை. ரோஸ்மாரியின் கழுத்தில் விழுந்தது யாருடையது என்பதைச் சொல்லத்தான் போனாள், அது அவளுடையது. இப்போது மதிலைத் தாண்டி விழுந்தது அவளுடையதல்ல.

“ஏறுறியா இல்லியாடி?” என்று லீபெர் கையை நீட்டினான்.

“இல்ல,” என்றாள்.

தூறல் விழத் தொடங்கியது. அவள் மதிலோரமாக நடந்து, ஆட்டக்காரர்களும் நடுவர்களும் வெளியே வரும் பின்பக்கக் கதவை நோக்கிப் போனாள். லாரிமேல் இரண்டு மீட்டரா மூன்று மீட்டரா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார்கள்.